முறைமாற்றமும் முதியோரும்: பிரித்தானியத் தொலைக்காட்சி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தொலைக்காட்சியின் வரலாற்றை எடுத்துக்கொண்டால், ஜோன் லோகி பெயர்டின் ஆய்வுகளும், மார்க்கோனி - ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் மின்னணுக் கமராவும், அரசாங்கக் குழுக்களின் அறிக்கைகளும் அதில் விரிவாக இடம்பெறக் காண்கிறோம். ஆயின், தாம் பார்த்துப் பழகிய பெட்டி குறித்த ஒரு நாளின் பின் இயங்காது என அறிவிக்கப்பட்டபோது ஒரு முதியவர் என்ன செய்தார், அவருக்குப் புதிய பெட்டியைத் தேர்ந்தளித்தவர் யார், அதன் செலவை ஏற்றவர் யார் என்னும் வினாக்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. இவ்வினாக்களை முன்வைத்துப் பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒளிபரப்பு முறைமாற்றங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வேறெந்த நாட்டிலும் பார்க்கப் பிரித்தானியாவை இதற்குத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. அந்நாடு ஒரே நூற்றாண்டுக்குள் இருமுறை தன் ஒளிபரப்பு முறையை முற்றாக மாற்றியது. இரண்டு மாற்றங்களையும் வெவ்வேறு வகையிற் கையாண்டது.

முதலில் 'முறை' என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். திரையில் தோன்றும் படம் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த கிடைக்கோடுகளால் ஆனது. அக்கோடுகள் எத்தனை, எவ்வலைவரிசையில் அவை அனுப்பப்படுகின்றன, எவ்வகையிற் குறியிடப்படுகின்றன என்பவற்றில் நிலையமும் வீட்டுப் பெட்டியும் ஒரே உடன்பாட்டிற்கு உட்பட்டிருத்தல் வேண்டும். நிலையம் அவ்வுடன்பாட்டை மாற்றிவிட்டால், பழுது எதுவுமற்ற பெட்டியும் ஒரே இரவில் பயனற்றதாகிவிடும். ஒரு கதிரையோ மேசையோ உடைந்தாலன்றி மாற்றப்படுவதில்லை. தொலைக்காட்சிப் பெட்டியோ அதன் உடைமையாளர் அறியாத இடத்தில், அவரைக் கேளாது எடுக்கப்படும் முடிவொன்றினால் காலாவதியாகக் கூடியது. முதியோர் அடைந்த மனக்குறையின் வேர் இங்கேதான் உள்ளது. "நன்றாயிருக்கும் பெட்டியை ஏன் எறிய வேண்டும்?" என்று வயோதிபர் ஒருவர் கேட்பாராயின், அதனை அறியாமை என ஒதுக்கிவிட முடியாது, அது நியாயமான கேள்வியே.

1936 நவம்பர் 2 ஆந் திகதி இலண்டன் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தனது ஒழுங்கான தொலைக்காட்சிச் சேவையை ஆரம்பித்தது. தொடக்கத்தில் பெயர்டின் 240 கோட்டு முறையும் மார்க்கோனி - ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 கோட்டு முறையும் மாறிமாறிப் பயன்படுத்தப்பட்டன. சில மாதங்களுள், 1937 இன் தொடக்கத்திலேயே, முன்னையது கைவிடப்பட்டது. உலகப் போர் மூண்டதும் 1939 செப்டெம்பர் 1 ஆந் திகதி சேவை நிறுத்தப்பட்டது. போருக்குப் பின் எம்முறையில் மீண்டும் தொடங்குவது என்பதை ஆராய 1943 இல் ஹாங்கி பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மேலும் உயர்ந்த முறையொன்றை ஆராய்தல் வேண்டும் என்று கூறிய அக்குழு, சேவையை விரைவாகத் தொடங்கும் பொருட்டுப் பழைய 405 கோட்டு முறையையே உடனடியாகப் பின்பற்றலாம் எனப் பரிந்துரைத்தது. 1946 ஜூன் 7 இல் சேவை மீண்டும் தொடங்கியபோது, போருக்கு முன் வாங்கப்பட்டிருந்த ஏறக்குறைய 20,000 பெட்டிகளும் மாற்றமின்றிப் பயன்பட்டன.

இம்முடிவு அன்றைய உடைமையாளருக்கு நன்மை பயத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பின்னோக்கிப் பார்க்கையில் அதன் மறுபக்கமும் புலனாகும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் போருக்குப் பின் 625 கோட்டு முறையை ஏற்றுக்கொண்டன. பிரித்தானியா தனித்து நின்றது. 1953 ஜூன் 2 இல் நடைபெற்ற எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவும், 1955 செப்டெம்பர் 22 இல் தொடங்கிய ஐ.ரி.வி. வர்த்தகச் சேவையும் பெட்டிகளின் தொகையைப் பெருக்கின. 1960 களின் நடுப்பகுதியில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. ஆகவே 20,000 பேருக்கு நேர்ந்திருக்கக்கூடிய சிரமம் ஒரு தலைமுறைக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளின் சிரமமாயிற்று. மாற்றத்தை ஒத்திவைத்தல் அதன் சுமையை நீக்கிவிடுவதில்லை. பின்வருவோர்மீது அதனைப் பெருக்கி ஏற்றிவிடுகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1962 இல் வெளியான பில்கிங்ரன் குழுவின் அறிக்கை 625 கோட்டு முறைக்கு மாறுதல் வேண்டும் என வற்புறுத்தியது. 1964 ஏப்பிரலில் தொடங்கிய பி.பி.சி.யின் இரண்டாவது சேவை புதிய முறையில், யூ.எச்.எப். அலைவரிசையில் மட்டும் ஒளிபரப்பப்பட்டது. பழைய இரு சேவைகளும் வீ.எச்.எப். அலைவரிசையில் 405 கோடுகளிலேயே தொடர்ந்தன. புதிய சேவையைப் பார்க்க விரும்பியோர் இருமுறைப் பெட்டி ஒன்றையும் புதிய அன்ரெனாவையும் பெறவேண்டியிருந்தது. ஒரே பெட்டிக்குள் இரு முறைகளுக்குமான உறுப்புகளை அடக்கி, அவற்றை மாற்றுவதற்கு ஒரு பொறியையும் அமைத்த அப்பெட்டிகள் விலையிலும் பழுதிலும் கூடுதலானவை. 1967 ஜூலை 1 இல் விம்பிள்டன் ரென்னிஸ் போட்டியோடு அச்சேவையில் வர்ண ஒளிபரப்புத் தொடங்கியது. 1969 நவம்பர் 15 முதல் ஏனைய இரு சேவைகளும் 625 கோடுகளில் வர்ணத்தோடு கிடைக்கலாயின. அதன் பின்னரே இருமுறைப் பெட்டியின் தேவை அருகியது.

இம்மாற்றத்தின் சிறப்பு அதன் நிதானமாகும். புதிய முறை தொடங்கி இருபது ஆண்டுகள் கடந்தும் பழைய முறை அணைக்கப்படவில்லை. 1985 சனவரியிலேயே இறுதி 405 கோட்டு நிலையங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் பழைய பெட்டிகள் தம் ஆயுளை முடித்துத் தாமாகவே மறைந்தன. அன்றியும், அக்காலத்துப் பிரித்தானியாவில் பெட்டியை விலைக்கு வாங்காது வாடகைக்குப் பெறுதல் பெருவழக்காக இருந்தது. பெட்டி பழுதுற்றால் வாடகை நிறுவனத்தின் திருத்துநர் வீடு தேடி வருவார். புதியதைக் கொணர்ந்து பொருத்தி, இயக்கும் வகையையும் காட்டிச் செல்வார். முதிய பெற்றோருக்குப் பெட்டி தேர்வது இத்தகைய சூழலில் ஒரு நெருக்கடியாக எழவில்லை. புதிய சேவை வேண்டாம் என்றிருந்த ஒருவர் தமது பழைய பெட்டியோடு பழைய இரு சேவைகளையும் பார்த்துக்கொண்டே ஓய்வுக் காலத்தைக் கழித்திருக்க முடிந்தது. அவருடைய மறுப்பிற்கும் இடமளித்த மாற்றம் அது.

இரண்டாவது மாற்றமாகிய டிஜிட்டல் முறைமாற்றம் இதனின்றும் வேறுபட்டது. 1998 நவம்பரில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புத் தொடங்கியது. 2002 ஒக்டோபர் 30 இல் பிறீவியூ என்னும் கட்டணமற்ற சேவை அறிமுகமானதும் மக்கள் அதனை விரும்பி ஏற்கத் தொடங்கினர். 1999 இலேயே கலாசார அமைச்சர் கிறிஸ் சிமித், டிஜிட்டல் சேவை மக்களுக்குக் கிட்டக்கூடியதாகவும் அவர்களாற் செலவிடக்கூடியதாகவும் அமைந்தாலன்றிப் பழைய முறை அணைக்கப்படமாட்டாது என அறிவித்திருந்தார். 2005 செப்டெம்பரில் அமைச்சர் ரெஸ்ஸா ஜோவெல் கால அட்டவணையை வெளியிட்டார்: 2008 முதல் 2012 வரை பிராந்தியம் பிராந்தியமாகப் பழைய முறை அணைக்கப்படும் என்பதே அது.

தொடக்கத்திலிருந்து நோக்கின் இங்கும் பதினான்கு ஆண்டுகள் இருந்தனவே, அப்படியாயின் முதியோர் அவதியுற்றதேன் என்று கேட்கலாம். விடை அலைகளின் இயல்பிலே உள்ளது. பழைய அனலொக் ஒளிபரப்பு இயங்கிக்கொண்டிருக்கும்வரை, அதற்கு இடையூறு நேராதிருக்கும் பொருட்டு டிஜிட்டல் ஒளிபரப்பைக் குறைந்த வலுவிலேயே அனுப்ப முடிந்தது. ஆகவே முறைமாற்றத்திற்கு முன் நூற்றுக்கு ஏறத்தாழ 73 வீதமான வீடுகளே தரைவழி டிஜிட்டல் சேவையைப் பெறக்கூடியனவாயிருந்தன. எஞ்சியோர் முன்னதாகவே மாற விரும்பினாலும், செய்மதியையோ கேபிளையோ நாடினாலன்றி அவர்களால் மாற முடியவில்லை. தமது நிலையத்தில் முதலில் ஒரு சேவை அணைக்கப்பட்டு, பின் சில வாரங்களில் ஏனையவை அணைக்கப்படும். அக்குறுகிய இடைவெளிக்குள்ளேயே அவர்கள் பெட்டியையும், சில வேளை அன்ரெனாவையும் சரிசெய்துகொள்ள வேண்டும். அட்டவணையில் ஆண்டுக்கணக்காய்த் தோன்றிய அவகாசம், மலைசார்ந்த சிற்றூரில் வாழ்ந்த ஒரு மூதாட்டிக்குச் சில வாரங்களாகச் சுருங்கிற்று.

2007 இல் கம்பிரியாப் பகுதியிலுள்ள வைற்ஹேவன் நகரம் இம்மாற்றத்தை முதலில் எதிர்கொண்டது. ஏறத்தாழ 25,000 வீடுகளைக் கொண்ட அப்பகுதியில் ஒக்டோபர் 17 இல் பி.பி.சி. இரண்டாம் சேவையும் நவம்பர் 14 இல் ஏனையவையும் பழைய முறையிலிருந்து நீங்கின. ஐந்தாண்டுகளின் பின், 2012 ஒக்டோபர் 24 இல், வட அயர்லாந்தில் இறுதி நிலையமும் அணைக்கப்பட்டது.

இக்காலப் பகுதியில் ஒரு மகனோ மகளோ முதிய பெற்றோருக்காகக் கடைக்குச் சென்றபோது எதிர்கொண்ட தெரிவுகள் எவை? முதலாவது, பழைய பெட்டியை வைத்துக்கொண்டு அதனுடன் ஒரு மாற்றிப் பெட்டியை இணைத்தல். இதுவே மலிவானது. ஆயின் இதனால் வீட்டில் ரிமோட் இரண்டாகும். ஒன்று பெட்டியைத் திறப்பதற்கு, மற்றது சேவையை மாற்றுவதற்கு. பழக்கத்தால் பழைய ரிமோட்டை அழுத்தினால் திரையில் வெறும் புள்ளிகளே தோன்றும். பழைய வீடியோப் பதிவுக் கருவி வைத்திருந்தோர் ஒன்றைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் பதிவுசெய்யும் வசதியையும் இழந்தனர். இரண்டாவது, டிஜிட்டல் வாங்கியை உள்ளடக்கிய புதிய தட்டைப் பெட்டியை வாங்குதல். ரிமோட் ஒன்றே, ஆனால் விலை அதிகம், முகப்பும் புதிது. இத்தகைய பெட்டிகளை இனங்காண உதவும்பொருட்டு, முறைமாற்றத்திற்கு உகந்தவற்றில் 'சரி' அடையாளம் கொண்ட முத்திரையொன்று பொறிக்கப்பட்டது. மூன்றாவது, செய்மதித் தட்டினைப் பொருத்துதல். 2008 முதல் பிறீசற் என்னும் பெயரில் மாதக் கட்டணமற்ற செய்மதிச் சேவையும் கிடைத்தது.

கடைக்காரர் எடுத்துரைத்த தகைமைகள் படத்தின் தெளிவும் சேவைகளின் தொகையுமாகும். முதியோருக்குத் தேவைப்பட்டவை வேறு. பொத்தான்கள் பெரியனவா? செவிப்புலன் குன்றியவருக்கு எழுத்துரையை ஒரே பொத்தானால் வரவழைக்க முடியுமா? பார்வை குன்றியவருக்குக் காட்சியை விளக்கும் குரல்வழி விவரணம் உண்டா? பழைய எண்ணை அழுத்தினால் பழைய சேவை வருமா? இவ்விறுதி வினாவிற்குப் பிறீவியூ ஏற்ற விடையளித்தது. பி.பி.சி. முதலாஞ் சேவை ஒன்றாம் எண்ணிலும், இரண்டாஞ் சேவை இரண்டிலும், ஐ.ரி.வி. மூன்றிலும் அமைந்தன. கைவிரல் நினைவில் வைத்திருந்த ஒழுங்கு பேணப்பட்டது. சிறிய விடயமாகத் தோன்றினும், புதியதொரு முறைக்குள் பழக்கத்தின் தொடர்ச்சியைக் காத்த ஏற்பாடு இதுவே. எனினும் சேவைகளின் ஒழுங்கமைப்பு மாறும்போதெல்லாம் பெட்டியை மீள ஒத்திசைத்தல் வேண்டும் என்னும் புதிய கடமையும் சேர்ந்தது. 2009 செப்டெம்பர் 30 இல் நாடெங்கும் இவ்வாறு செய்ய வேண்டியிருந்தது. ஒருமுறை வாங்கிப் பொருத்திவிட்டால் போதும் என்ற நிலை பழைய பெட்டியோடு முடிவுற்றது.

பிரித்தானிய அரசாங்கம் இச்சிக்கலை முற்றாகக் கவனியாதுவிடவில்லை. 75 வயதும் அதற்கு மேற்பட்டோர், குறித்த சில இயலாமைக் கொடுப்பனவுகளைப் பெறுவோர், பார்வையிழந்தோராகப் பதிவுபெற்றோர் முதலியோருக்காக ஓர் உதவித் திட்டம் வகுக்கப்பட்டது. 40 பவுண் செலுத்தினால் ஒரு பெட்டிக்குரிய கருவி வழங்கப்படும். பயிற்றப்பட்டவர் வீட்டிற்கு வந்து பொருத்தி இயக்கிக் காட்டுவார். தேவையாயின் அன்ரெனாவும் மாற்றப்படும். ஓராண்டுக்குப் பின்னுதவியும் உண்டு. வருமானங் குன்றிய பலருக்கு இது இலவசமாகவே கிடைத்தது. தகுதியுடையோர் யாவர் என்பதை ஓய்வூதியப் பதிவுகளே அறிந்திருந்தமையால், அத்தகவலைப் பெறுவதற்கென்றே 2007 இல் பாராளுமன்றம் தனிச் சட்டமொன்றை நிறைவேற்றியது. ஒரு முதியவரின் கதவைத் தட்டுவதற்கு முன் அரசு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இத்திட்டத்திற்காக அனுமதிப்பத்திரக் கட்டணத்திலிருந்து 603 மில்லியன் பவுண் ஒதுக்கப்பட்டது. தகுதியுடையோர் ஏறத்தாழ 7 மில்லியன் பேர். உதவி பெற்றோரோ ஏறத்தாழ 1.3 மில்லியன் பேரே. ஒதுக்கிய பணத்தில் கணிசமான பகுதி எஞ்சியது. நிருவாக நோக்கில் இது சிக்கனமான வெற்றியாகத் தோன்றலாம். ஆனால் எஞ்சிய ஐந்து மில்லியனுக்கு மேற்பட்டோரின் வீடுகளில் பெட்டிகள் தாமாக மாறிவிடவில்லை. சிலர் முன்னரே செய்மதிக்கோ கேபிளுக்கோ மாறியிருந்தனர். சிலர் தாமே செய்துகொண்டனர். பலருக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அயலவரும் செய்து கொடுத்தனர் என்று கொள்வதே பொருந்தும். விடுமுறை நாளில் தந்தையின் வீட்டிற்குச் சென்று, கம்பிகளைப் பொருத்தி, எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்த மகளின் உழைப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் பதியப்படவில்லை. அரசின் மிச்சம் ஓரளவிற்கு அவ்வுழைப்பின் பயனேயாகும்.

மறுபுறத்தில் மாற்றத்தால் விளைந்த ஆதாயம் யாரைச் சேர்ந்தது? பழைய முறை விட்டுச்சென்ற அலைவரிசையின் ஒரு பகுதி வேறோர் அலைவரிசைத் தொகுதியோடு சேர்த்து 2013 இல் கைத்தொலைபேசி நிறுவனங்களுக்கு ஏலமிடப்பட்டது. கிடைத்த தொகை 2.34 பில்லியன் பவுண். அது அரசின் திறைசேரிக்குச் சென்றது. முதியோருக்கான உதவியோ தொலைக்காட்சி பார்ப்போர் செலுத்திய கட்டணத்திலிருந்து வந்தது. ஆதாயம் பெற்றவரும் செலவை ஏற்றவரும் வேறு வேறாயினர் என்பதே இவ்வரலாற்றின் முக்கிய முரண்பாடாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தோடு இதனை ஒப்பிடல் பயனுடையது. அங்கு 2008 இல் நடைபெற்ற அலைவரிசை ஏலம் ஏறத்தாழ 19 பில்லியன் டொலரை ஈட்டியது. அத்தகைய ஏல வருமானத்திலிருந்தே வீட்டுக்கு இரண்டாக, 40 டொலர் பெறுமதியுள்ள சீட்டுகள் மாற்றிப் பெட்டி வாங்குவதற்காக வழங்கப்பட்டன. நிதி மூலத்தைப் பொறுத்தவரை இது நேர்மையான ஏற்பாடு. ஆனால் சீட்டு 90 நாட்களில் காலாவதியாகும்; கடைக்குச் செல்வதும் பெட்டியைப் பொருத்துவதும் அவரவர் பொறுப்பு. 2009 சனவரியில் சீட்டுக்கான நிதி வரம்பை எட்டியதால் விண்ணப்பித்தோர் காத்திருப்போர் பட்டியலில் இடப்பட்டனர். பெப்ரவரி 17 என்று குறிக்கப்பட்டிருந்த நாளைக் காங்கிரஸ் ஜூன் 12 க்கு ஒத்திவைக்க நேர்ந்தது. அமெரிக்கா பணத்தைச் சரியான இடத்திலிருந்து எடுத்தது. பிரித்தானியா ஆளைச் சரியான இடத்திற்கு அனுப்பியது. இரண்டையும் ஒருங்கே செய்த திட்டமே நிறைவுடையதாயிருந்திருக்கும்.

மாற்றமே வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையின் முடிபன்று. பழைய முறை நீடித்திருப்பின் நாலில் ஒரு பங்கு வீடுகள் புதிய சேவையின்றியே இருந்திருக்கும். முறைமாற்றத்தின் பின் தரைவழி டிஜிட்டல் சேவை நூற்றுக்கு 98.5 வீதமான வீடுகளைச் சென்றடைந்தது. எழுத்துரையும் குரல்வழி விவரணமும் பெருகின. தொலைதூரத்து முதியோரும் இதனாற் பயன்பெற்றனர். கேள்வி மாற்றத்தைப் பற்றியதன்று. மாற்றத்தின் சுமையைப் பகிர்வது பற்றியது.

இவ்வரலாறு எமக்கு அயலானதன்று. இலங்கையில் 1979 ஏப்பிரல் 13 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், ஜப்பானிய உதவியோடு 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினியும் தொடங்கின. காலந் தாழ்த்தி வந்தமையால் நாம் நேரே 625 கோட்டு முறையில் கால்வைத்தோம். பிரித்தானியர் 1964 இல் எதிர்கொண்ட சிக்கல் எம்மைத் தீண்டவில்லை. பெட்டி பழுதானால் திருத்துவோம், திருத்த இயலாவிடின் மாற்றுவோம் என்பதே எமது வழக்கமாயிற்று. 2014 இல் இலங்கை தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பானிய முறையைத் தெரிவுசெய்தது. அம்மாற்றம் எந்நாளில் நிறைவெய்தினும், அந்நாளில் நல்ல நிலையிலுள்ள பெட்டிகள் பல பயனற்றுப்போகும். பிள்ளைகள் கடல் கடந்து வாழ, ஊரில் தனித்திருக்கும் பெற்றோர் பலராயுள்ள எமது சமூகத்தில், விடுமுறை நாளில் வந்து கம்பியைப் பொருத்திச் செல்ல மகளோ மகனோ அருகில் இல்லை. பிரித்தானியாவில் அரசின் கணக்கை இலகுவாக்கிய அக்குடும்ப உழைப்பை இங்கு எல்லா வீட்டிலும் எதிர்பார்க்க இயலாது.

ஆகவே அலைவரிசையை விற்றுப் பெறும் பணத்தில் ஒரு பகுதி பழைய பெட்டியின் உடைமையாளருக்கு உரியது என்பதும், கருவியை வழங்குவதோடு அதனைப் பொருத்திக் காட்ட ஓர் ஆளையும் அனுப்புதல் வேண்டும் என்பதும் திட்டமிடும்போதே ஏற்கப்படல் வேண்டும். பார்வை மங்கிய கண்ணுக்கும் நடுங்கும் விரலுக்கும் ஏற்ற ரிமோட் எது என்னும் வினா பொறியியலாளரின் மேசையில் முதல் நாளிலேயே இருத்தல் வேண்டும். மாலைச் செய்திக்காக வழமையான நேரத்தில் வழமையான பொத்தானை அழுத்தும் முதியவருக்கு, மறுநாளும் திரையில் ஒளி தோன்றுகிறதா என்பதைக் கொண்டே அம்மாற்றத்தின் வெற்றியை மதிப்பிடுவோமாக.